ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம்: ஒத்துழைப்பு.
நன்று, சுமார், இல்லை.
ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

வண்டிமலையானுக்கு நான்கு வியாழன்
'இல்லை'யைச் சுழித்தேன்.
நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.
வயது முப்பத்தொன்று.
மனைவி பஸ் ஏற்றிவிட,
பாளையங்கோட்டையில் எங்கள் மாடியறைக்கு வருவார்.
செருப்பை வாசலில் கழற்றுவார்.
நாற்காலி நுனியில் எழுந்துவிடப்போகிறவர்போல் உட்கார்ந்து
'மாத்திரைய தொடவேயில்ல டீச்சர்' என்பார்.
நான் டீச்சர் இல்லை என்று
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
அவர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும்.

பயிற்சியில் கற்றதையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.
திறந்த கேள்வி.
சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல்.
மௌனத்துக்கு இடம் விடுதல்.
விட்ட இடத்தில்
கீழே கிரிக்கெட் ஆடும் பையன்களின் சத்தம்
ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாவது வாரம், வேறொன்றும் தோன்றாமல்,
ஒரு மூட்டை எவ்வளவு கனம் இருக்கும் என்றேன்.
'என்ன மூட்டை?'
அப்போதுதான் முதன்முதலாக முதுகைச் சாய்த்தார்.
பல்லாரி அம்பது கிலோ.
கோஸ் மூட்டை பாக்கத்தான் பெருசு.
ஈரச் சாக்குல வார கேரட்டுக்குக் கூலி கட்டாது,
தண்ணியையும் சேத்துல்லா சுமக்கணும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மொத லாரி.
ஏத்திவிட ரெண்டு பேர் வேணும்.
இறக்க?
'இறக்க யாரு வருவா. நாமளே சாய்ச்சுத் தள்ளணும்.'

ஆகா என்று பேனாவை எடுத்தேன்.
பாரம், இறக்கிவைத்தல் என்று
ஏதோ அழகாகச் சொல்லத் தொடங்கினேன்.
'டீச்சர், நான் முதுகத்தான் சொல்லுதேன்.
நெசமாவே வலிக்கி.
வலிக்குன்னுதானே மொத மாத்திரையே.'

எட்டுப் பக்கக் கோப்பில்
அந்த முதுகைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த செவ்வாய், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
எலும்புப் பிரிவு, டோக்கன் நூற்றுப் பதினாலு.
சிமெண்ட் பெஞ்சில் மூன்று மணி நேரம்.
அங்கேதான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை,
எதிரே மாவுக்கட்டுக் காலை நீட்டிச்
சுண்டல் தின்றுகொண்டிருந்த பையனைப் பார்த்து:
மகளின் கொலுசை அடகு வைத்தது.
மீட்கச் சேர்த்ததையும் எடுத்தது.
கொலுசைக் காணோம் என்று வீடே புரண்ட அன்று
மனைவியோடு சேர்ந்து தானும்
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடியது.

நான் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை.
எழுதக் காகிதமும் கையில் இல்லை.

பிறகு இரண்டு வியாழன் வரவில்லை.
போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக
யாரோ ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள்.
மூன்று தடவை வராவிட்டால் கோப்பை மூடுவது விதி.
இப்போதே மூடிவிடலாமே என்றார் மேற்பார்வையாளர்.
இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன்.

மூன்றாவது வியாழன், ஐப்பசி மழை.
நேரம் தாண்டி வந்து வாசலில் நின்றார்.
செருப்பைக் கழற்றவில்லை.
'நேத்து போட்டுட்டேன். முந்தாநேத்தும்.
இன்னைக்கு இதுவரைக்கும் இல்ல.
சாயங்காலம் என்னன்னு தெரியல.'

எட்டு வாரத்தில்
அவராக என்னிடம் கொண்டுவந்த முதல் கெட்ட செய்தி.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அதை முகத்தில் காட்டாமலிருக்கச் சிரமப்பட்டேன்.
'முதுகு?' என்றேன்.
'வலிக்கி.'
நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்,
அந்தப் பெஞ்சில்போல
இருவரும் வெளியே பார்க்கிற மாதிரி.

டீ வந்தது.
'என்ன எழுதுதிய?'
படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.
கூலிச்சீட்டைப் பார்க்கிறவர்போல் குனிந்தார்.
தலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
'சுமார்' ஊறிப்போனது.
'வந்தான்னு போட எடமில்லையா?'

ஓரத்தில் கொஞ்சம் இருந்தது.